பிறை ஆண்டும் போக ஆண்டும்

ஓர் ஆண்டுக்கு நாட்கள் எத்தனை என்று இறக்காமத்து வேளாண்மைக்காரர் ஒருவரைக் கேட்டால் அவர் இரண்டு விடைகள் தருதல் கூடும். பள்ளிவாசலின் ஆண்டுக்கு 354 நாட்கள். வயலின் ஆண்டுக்கு 365 நாட்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமை பதினொரு நாட்களே. பதினொரு நாள் ஒரு பொருட்டோ என்று நகரத்து நேயர்கள் எண்ணலாம். மாதந்தோறும் சம்பளம் வரும் வீட்டிலே அது ஒரு பொருட்டன்றுதான். ஆண்டிலே ஒருமுறையோ இருமுறையோ மட்டும் பணத்தைக் காணும் வீட்டிலோ, அந்தப் பதினொரு நாளே கடன்பட்ட குடும்பத்துக்கும் கடன்படாத குடும்பத்துக்கும் நடுவே வரம்பாக நின்று வந்துள்ளது. அந்த வரம்பை எம் முன்னோர் எவ்வாறு கட்டினர், அது எவ்வாறு தேய்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் முஸ்லிம் ஊர்களுக்கு மேற்கே, உள்நாட்டிலே, குளத்தை ஒட்டி அமைந்த ஊர் இறக்காமம். கடற்கரை ஊரார் பலரின் வயல்களும் இப்பக்கத்து உள்நிலங்களிலேதான் இருக்கின்றன. விதைப்புக் காலத்திலே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, வயல்வாடிகளிலே தங்கி, வேளாண்மையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது அவர்களது பழைய வழக்கம். ஆகவே நான் இறக்காமத்தைப் பற்றிக் கூறுவன கரையோரம் முழுமைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இங்கே வணக்க வாழ்வு பிறையைப் பின்பற்றியது. முகர்ரம் தொடங்கி ஹஜ்ஜு மாதம் வரை பன்னிரண்டு மாதங்கள். மவ்லூது ஓதும் மாதம், விராத்து மாதம், நோன்பு மாதம் என்று நிகழ்ச்சியின் பெயராலேயே மாதங்களைக் குறிப்பதும் எம்மூர்ப் பெண்களின் வழக்கு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் ஜமாதுல் ஆகிர் மாதத்துக்கு உரியது. ஆனால் அதே வீட்டார் வயலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் மொழி மாறிவிடும். ஆவணியில் வரம்பு கட்டுதல், புரட்டாதியில் உழவு, ஐப்பசியில் விதைப்பு, மாசியில் வெட்டு என்று தமிழ் மாதங்களே நாவில் வரும். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் பிறையைப் பார்த்து வீசுவதில்லையே! ஒரே வாயில் இரண்டு நாட்காட்டிகள் புழங்கியதை யாரும் வியப்பாகக் கொள்ளவில்லை.

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதன்று. உலகில் முஸ்லிம்கள் எங்கெங்கு ஏர் பிடித்தார்களோ அங்கெல்லாம் இது தோன்றியது. அப்பாசியக் கலீபாக்களின் ஈராக்கிலே நிலவரி, பாரசீகப் புத்தாண்டாகிய நவ்ரூஸ் தொடக்கமாகத் தண்டப்பட்டது. அந்தப் பாரசீக ஆண்டுக்கு 365 நாட்கள் மட்டுமே. மிகுதிக் கால் நாளைச் சேர்ப்பார் இல்லை. அதனால் நான்காண்டுக்கு ஒரு நாளாக நவ்ரூஸ் பின்வாங்கி வந்து, இறுதியில் கதிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்கும் நிலை உண்டாயிற்று. உழவர் கடன் வாங்கி வரி கட்டினர். சிலர் ஊரை விட்டே ஓடினர். கலீபா முதவக்கில் வேட்டைக்குச் சென்றபோது விளையாத பயிரைக் கண்டு இதனை உணர்ந்தார் என்று அல்பிரூனி எழுதியுள்ளார். அவர் தொடங்கிய திருத்தம் 861ஆம் ஆண்டு அவரது மரணத்தோடு நின்றது. கலீபா முஃததித் 895ஆம் ஆண்டிலே வரியாண்டின் தொடக்கத்தை ஜூன் 11ஆந் திகதிக்கு மாற்றினார். ஓர் அரசு தன் நாட்காட்டியை வயலுக்குப் பணிய வைத்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எகிப்திலே நைல் நதிக்கரை முஸ்லிம் உழவர் கொப்திய மாதங்களைக் கொண்டே விதைத்தனர். ஏமனிலே ரசூலி மரபைச் சேர்ந்த அரசர் அல்அஷ்ரப் உமர், 1271ஆம் ஆண்டளவில் எந்தக் காலத்தில் எந்தப் பயிர், எந்தக் காற்று என்று விளக்கும் வேளாண்மைப் பஞ்சாங்கம் ஒன்றைத் தாமே எழுதினார். இந்தியாவிலே அக்பரின் அவையில் இருந்த பத்ஹுல்லா ஷீராஸி 1584இல் சூரிய ஆண்டுக் கணக்கொன்றை வகுத்தார். முகலாயர் காலத்து நிலவரிக் கணக்கின் வழிவந்த பசலி ஆண்டு இன்றும் தமிழ்நாட்டு வருவாய்த்துறைப் பதிவேடுகளில் வாழ்கின்றது. பசல் என்பது விளைச்சலைக் குறிக்கும் அரபுவழிச் சொல். மதுரைப் பக்கத்துக் கணக்குப்பிள்ளை அதனை எழுதும்போது ஒரு நாட்காட்டிப் பிணக்கின் தீர்வையே எழுதுகின்றார். துருக்கியின் உஸ்மானிய அரசுக்கோ தொல்லை வேறு வகையாக வந்தது. வரி சூரிய ஆண்டில் வந்தது. படைவீரரின் சம்பளம் பிறை மாதங்களிற் செலவாயிற்று. 33 பிறை ஆண்டுகள் 32 சூரிய ஆண்டுகளுக்கு ஏறக்குறையச் சமம். எனவே, ஒவ்வொரு 33 பிறை ஆண்டிலும் ஓராண்டுச் சம்பளத்துக்கு ஈடான வருவாயே இல்லாமற் போனது. 1840இல் அவர்கள் நிதிக் காரியங்களுக்குச் சூரியக் கணக்கை உறுதியாக்கினர்.

பேரரசுகளையே தடுமாற வைத்த இக்கணக்கை இறக்காமத்திலே தீர்த்தவர் யார்? எழுத்தறியாத பெண்களே பெரும்பாலும் தீர்த்தனர் என்பது என் துணிபு. எனினும் அவர்கள் தம் கணக்கைத் தொங்கவிடுவதற்கு ஓர் ஆணி வேண்டியிருந்தது. அந்த ஆணி குளத்து நீர்.

பிரித்தானிய ஆட்சியிலே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனம் பற்றிய பழைய ஊர் வழமைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்டின் காலத்திலே இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. குளம் திருந்தியபோது நாளும் திருந்தியது. போகத் தொடக்கத்திலே காணிக்காரர் கூடி, வாய்க்கால் வெட்டித் துப்புரவு செய்வதற்கு எந்நாள், வேலி அடைப்பதற்கு எந்நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவதற்கு எந்நாள், நீர் திறப்பது எந்நாள், விதைப்பு முடியவேண்டிய கடைசி நாள் எது என்று தீர்மானித்தனர். தவறியவரைக் கேட்பதற்கு வட்டவிதானை இருந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு வட்டவிதானை முறை போய்ப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. பின்னர் கமக்காரர் அமைப்புக்கள் வந்தன. ஆட்கள் மாறினரேயன்றிக் கூட்டம் மாறவில்லை. இன்றும் போகந்தோறும் அதே கேள்விகளே கேட்கப்படுகின்றன.

கூட்டத்தில் ஆண்கள் முடிவு செய்த நாட்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றொரு கூட்டம் அடுப்படியிலே நடந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆதலால் அதனைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன்.

ஆடியிலே கச்சான் காற்று உலர்த்தி வீசும்போதே மாரிக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். முதலாவது விறகு, மழைக்கு முன் வெட்டிக் காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கப்பட வேண்டும். அடுத்தது கூரை. ஓட்டு வீடுகள் பெருகுமுன் கிடுகு பின்னி வேய்தல் ஆண்டுதோறும் தவறாத வேலை. அதனைப் புரட்டாதி வரை தள்ளிவைத்தவர் ஐப்பசியில் சட்டி பானைகளை ஒழுக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு விழித்திருந்தனர். கடற்கரை ஊர்களிலிருந்து கருவாடு, உள்ளூரில் புளி, காய்ந்த மிளகாய், தேங்காய் என்பன சேர்க்கப்பட்டன. இவற்றுள் யாவற்றினும் பெரிய வேலை நெல் அவித்தல். அவித்த நெல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அவித்தால் முற்றத்திலே நெல் காயாது. ஆதலால் மூன்று மாதத்துக்கு வேண்டிய அரிசியை மழைக்கு முன்பே அவித்து, உலர்த்தி, குற்றி வைத்தாக வேண்டும். வீட்டில் எத்தனை வாய், அவற்றுள் எத்தனை வாய் வாடியிலே உண்ணும், கூலியாட்களுக்கு எத்தனை நேரச் சோறு என்ற கணக்கெல்லாம் இதற்குள் அடங்கும்.

இக்கணக்கின் மேலேதான் பிறை வந்து ஏறும். நோன்பு ஆடியில் வந்தால் அரிசி மா இடித்து வறுப்பதற்கு வெயிலுண்டு. பகலோ நீண்டு வாட்டும். நோன்பு மாசியில் வந்தால் கையில் புதுநெல் உண்டு. ஆனால் வெட்டுக்காரர் நோன்பு பிடித்தபடியே வயலில் நிற்பர், வேலை இரவுக்கும் விடியற்காலைக்கும் தள்ளப்படும். நோன்பு கார்த்திகையில் வந்தாலோ வெயிலும் இல்லை, புதுநெல்லும் இல்லை, பணமெல்லாம் சேற்றுக்குள் கிடக்கும். எனவே வரப்போகும் நோன்பு எந்தக் காலத்தில் விழும் என்பதைக் கணக்கிட்டு, முந்திய அறுவடையிலேயே அதற்கான பங்கை ஒதுக்குவது நல்ல வீட்டின் இலக்கணமாயிற்று. என் உம்மா ஒவ்வொரு நாளும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இடுவார். அதில் ஒரு பகுதி பள்ளிவாசலுக்கு, மற்றது நோன்புக்கு. விதைநெல் மூட்டையைத் திறக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. வாப்பாவும் அவரிடம் கேட்டே திறந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்திட்டத்தின் உயிர், காத்திருக்கக்கூடிய பொருள்களிலே இருந்தது. விறகு காத்திருக்கும், கருவாடு காத்திருக்கும், குற்றிய அரிசி காத்திருக்கும். எல்லாவற்றினும் மேலாகச் சூடு காத்திருக்கும். வெட்டிய உப்பட்டிகளைக் களத்திலே குவித்து வைக்கும் அந்தச் சூடு, நன்றாக வைத்தால் வாரக்கணக்கில் கெடாமல் நிற்கும். மாடு கட்டி மிதிப்பதை நோன்பு முடியட்டும், பெருநாள் கழியட்டும் என்று தள்ளிப் போடலாம். பதினொரு நாள் பிணக்கு பதினொரு நாள் சூட்டுக்குள்ளே அடங்கிவிட்டது.

இதனைக் கொண்டு பழங்காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். போடியாரின் வீட்டிலே காத்திருக்கச் சூடு இருந்தது. முல்லைக்காரரின் வீட்டிலே அது இல்லை. விதைப்பு நாளிலிருந்து வாங்கிய முற்பணமும் நெல்லும் களத்திலேயே கழிக்கப்பட, அவர் வெறும் சாக்கோடு வீடு திரும்பியதும் உண்டு. அவர் மனைவியின் திறமை போடியாரின் மனைவியின் திறமைக்குக் குறைந்ததன்று. ஒதுக்குவதற்குப் பொருள்தான் இல்லை. திட்டமிடாமையே வறுமைக்குக் காரணம் என்று மேடையிலே பேசுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

மார்க்கச் சட்டமும் இரு நாட்காட்டிகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது. பணத்துக்கும் வணிகப் பொருளுக்கும் உரிய ஸகாத், ஒரு பிறை ஆண்டு நிறைந்த பின் கடமையாகும். விளைச்சலின் ஸகாத்தோ ஆண்டு நிறைவை எதிர்பார்ப்பதில்லை. அது அறுவடை நாளுக்கே உரியது. வான்மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று; உழைத்து நீரிறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. ஒரே குடும்பத் தலைவர் கடைக்குப் பிறைக் கணக்கும் வயலுக்குப் போகக் கணக்கும் வைக்குமாறு பணிக்கப்பட்டிருக்கிறார். இதைவிட நுட்பமான வீட்டுக் கணக்கியல் பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

1949ஆம் ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையிலே மறித்துக் கட்டிய அணையால் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. மழையையும் ஊர்க்குளத்தையும் மட்டும் நம்பியிருந்த பல வயல்களுக்குச் சிறுபோகம் உறுதியாயிற்று. சித்திரையிலே விதைத்து ஆவணியிலே வெட்டும் இரண்டாம் வருமானம் கிட்டியது. அதனால் ஆடியும் ஆவணியும் மாரிக்கு ஆயத்தம் செய்யும் ஓய்ந்த மாதங்களாக இராமல் வேலை மிகுந்த மாதங்களாயின. பெண்கள் விறகும் கிடுகும் தேடிய நாட்களை வயல் எடுத்துக்கொண்டது. வருமானம் பெருகியது, நாட்கள் சுருங்கின. 1950களின் பிற்பகுதியில் வந்த எச்-4 முதலாகப் புதிய நெல்லினங்கள் பரவி, இன்று மூன்று, மூன்றரை மாத நெல்லே பெருவழக்காயிற்று.

இடையிலே ஒரு வேடிக்கையையும் சொல்லிச் செல்கின்றேன். 1966 முதல் 1971 வரை இலங்கை அரசு சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, போயா தினங்களையொட்டிய விடுமுறையைக் கொண்டுவந்தது. நாடு முழுவதும் சந்திரனின் கால்பகுதிகளைப் பார்த்து வேலைக்குப் போயிற்று. வாரத்துக்கு நாட்கள் சில வேளை ஏழு, சில வேளை எட்டு. கொழும்பிலே வணிகர் வெளிநாட்டோடு கடிதத் தொடர்பு கொள்ள இடர்ப்பட்டனர். பிறையோடும் போகத்தோடும் வாழ்ந்து பழகிய எங்கள் ஊரிலோ, ‘மூன்றாவதாக ஒன்று’ என்று அதனையும் ஏற்று நடந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்று அந்த மூன்றாம் இடம் பாடசாலை நாட்காட்டிக்குரியது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை தனியாக உண்டு. ஆகவே பிறை நகர நகர எங்கள் தவணைகளும் நகர்கின்றன. வெட்டுக் காலத்திலே வகுப்பறையில் சில இடங்கள் வெறுமையாக இருப்பதை எந்த நாட்காட்டியாலும் மாற்ற முடியவில்லை.

ஆண்டுத் திட்டத்துக்கு மேலே மற்றொரு நெடுந்திட்டமும் ஓடிற்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மணமகன் மணமகள் வீட்டுக்கு வருவதே வழமை. மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். பெண் பிள்ளை பிறந்த நாள் முதல் ஒரு போகத்திலே கல், மறு போகத்திலே மரம், பிறிதொரு போகத்திலே ஓடு என்று வீடு வளரும். 1957 டிசம்பர் வெள்ளமும் 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும் நிற்கும் பயிரை அழித்தபோது, எத்தனையோ சுவர்கள் அரைச்சுவராகவே நின்றன. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே நீக்கப்பட்டது. அதற்குள் போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் வீழ்ந்த வீடுகளிலே கூரை பின்னும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. இவ்வழமையின் நன்மை தீமை பற்றி மாறுபட்ட கருத்துக்கள் உண்டு. சகோதரர்கள் தம் இளமையைத் தங்கையின் சுவரிலே பூசிவிடுகின்றனர் என்ற குறை உண்மையே. ஆயினும் மணமான பெண் தன் சொந்தக் கூரையின் கீழ் இருப்பதன் வலிமையையும் நான் கண்டுள்ளேன்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். இப்பொழுது வெட்டும் இயந்திரம் வயலிலே இறங்கி ஒரே ஓட்டத்தில் வெட்டி அடித்துச் சாக்கிலே கொட்டிவிடுகின்றது. வாரங்களின் வேலை மணித்தியாலங்களில் முடிகின்றது. உடல் நோவு குறைந்தது பெரும் நன்மை. அதனை மறுப்பவர் அரிவாள் பிடித்திராதவர். ஆனால் அந்நெல் ஈர நெல். காயவைக்க இடமில்லாதவர் வயலோரத்திலேயே வியாபாரிக்கு விற்றாக வேண்டும். அதுவும் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்பதால் விலை மிகத் தாழ்ந்திருக்கும் வேளையிலே. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த நெற் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவுக்கு வந்தாலும் உலர்ந்த நெல்லையே கேட்கும். காத்திருக்கக்கூடிய சூடு மறைந்துவிட்டது. அதனோடு பதினொரு நாளைத் தாங்கிய தூணும் மறைந்தது.

நேயர்களே, இது ஏன் இப்பொழுது பேசப்பட வேண்டும்? பிறை மீண்டும் மாரிக்குள் நுழைகின்றது. 1993ஆம் ஆண்டு ரமழான் பெப்ரவரி மாதப் பிற்பகுதியில், வெட்டுக் காலத்திலே தொடங்கியது. அங்கிருந்து ஆண்டுதோறும் பின்வாங்கி, ஜனவரிக்கும் டிசம்பருக்கும் நவம்பருக்கும் சென்றது. 1997ஆம் ஆண்டில் இரு ரமழான்கள் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் இரு நோன்புப் பெருநாட்கள் வந்தன. அக்காலத்து வீடுகளிலே சூடும் பிடியரிசிப் பானையும் முற்றாக மறைந்திருக்கவில்லை. 33 ஆண்டுகள் சுழன்று, 2026இல் ரமழான் மறுபடியும் பெப்ரவரிப் பிற்பகுதியையே தொட்டு நிற்கின்றது. 2028இல் அது ஜனவரிக் கடைசியில் தொடங்கும். 2031இலும் 2032இலும் டிசம்பரில், 2033இல் நவம்பரில் தொடங்கும். அதாவது, கடைசி விற்பனைப் பணம் உழவுக்கும் உரத்துக்கும் களைகொல்லிக்கும் போய்விட்ட, அடுத்த நெல் இன்னும் கதிராகாத மாதங்களிலே சில ஆண்டுகள் நோன்பும் பெருநாளும் வரப்போகின்றன.

இந்த வருகை வானியலால் முன்கூட்டியே அறியப்பட்டது. ஒரு நாள் முன்பின் ஆகலாமேயன்றித் தவறாது. ஆகவே எங்கள் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவருக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. ஒரு தாளிலே பன்னிரண்டு தமிழ் மாதங்களை வட்டமாக எழுதுவர். அதன்மேல் தத்தம் வீட்டு வயலின் விதைப்பு, வெட்டு, கடன் திருப்பும் நாள், பரீட்சை நாள் ஆகியவற்றைக் குறிப்பர். மற்றொரு தாளிலே பிறை மாதங்களை எழுதி வெட்டியெடுத்து, மேலே வைத்து, ஆண்டுக்குப் பதினொரு நாளாகத் திருப்புவர். அத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டுமாறு சொல்வேன். மறுநாள் திருத்தங்களோடு வந்த தாள்களே மிகுதி. ஒரு பிள்ளையின் தாளிலே சிறுபோக வெட்டுக்கு நேரே ‘மூன்று மூட்டை விற்க வேண்டாம்’ என்று வேறொரு கையெழுத்து இருந்தது.

அவ்வட்டத்தை 2030ஆம் ஆண்டுக்குத் திருப்பினால் ரமழான் அதில் இரண்டு இடங்களிலே விழுகின்றது. ஒன்று ஜனவரி 5ஆந் திகதியளவில், மற்றது டிசம்பர் 26ஆந் திகதியளவில். இரண்டாவது நோன்பின் முதல் நாளன்று எங்கள் வெளியிலே வாடைக் காற்று வீசிக்கொண்டிருக்கும், குளம் நிறைந்திருக்கும், ஐப்பசியிற் பிந்தி விதைத்த நெல் குடலைப் பருவத்திலே நிற்கும்.